பங்களா மேசையும் லயத்துப் பானையும்



வராந்தாவில் இடும் மேசையின் நடுவே பள்ளம் அமைத்து, பனிக்கட்டி நிரப்பி, பானப் புட்டிகளைக் குளிர வைக்கும் ஏற்பாடு சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின், 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் மகோகனி மரத்தாற் செய்து, உட்புறம் ஈயத்தகடு பதித்த பெட்டிகள் உணவு மேசையருகே நின்றன. மரம் வெப்பத்தைத் தடுக்கும். தகடு நீரைத் தடுக்கும். உருகிய நீரை வடிக்க அடியில் ஒரு சிறு குழாய். இன்று ஊவாவின் தச்சர் ஒருவர் இத்தகைய மேசை செய்யப் புகுந்தாலும் இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும். ஈயம் நஞ்சாதலின் துருவேறா எஃகை இடுவார், அவ்வளவே வேற்றுமை.

மரமும் ஈயமும் நம் மலையகத்தாருக்கு அந்நியமானவை அல்ல. பூனாகலை போன்ற தோட்டங்களிலிருந்து கப்பலேறிய தேயிலைப் பெட்டிகளுக்கும் முற்காலத்தில் ஈயத்தகடே உள்ளுறையாயிற்று. அங்கே நீரை உள்ளே நிறுத்த. இங்கே ஈரத்தை வெளியே நிறுத்த.

பெட்டி செய்துவிடலாம், பனிக்கட்டிக்கு எங்கே போவது? முகலாயர் அரண்மனையில் வெடியுப்பை நீரிற் கரைத்து, அந்நீரிற் கூஜாவை அமிழ்த்திக் குளிரச் செய்ததை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் விரித்துரைக்கிறார். 1833இல் அமெரிக்க வணிகர் பிரடெரிக் டூடர், பாஸ்டன் நகரிலிருந்து 180 தொன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் சுமார் 100 தொன் எஞ்சியிருந்தது! சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் நினைவே. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம்.

1866இல் கொழும்பில் பனிக்கட்டிக் கம்பெனி தோன்றியது. ஆனால் இருப்புப்பாதை பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளையை எட்டியது 1924இல். அதற்கு முன் மாட்டுவண்டியில் ஏற்றிய கட்டி ஊவா வந்து சேர்வதற்குள் நனைந்த சாக்கு மட்டுமே மிஞ்சியிருக்கும். அன்றியும், மூடுபனி இறங்கும் மலையிலே துரைமாருக்குப் பனிக்கட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

ஆடி, ஆவணியில் ஊவா மலைக்கு வந்து பார்த்தால் விடை கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்புறம் வீசுகிறது. அவ்வறட்சியிற்றான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த தனி மணம் ஏறுகிறது. கொழுந்து பறிப்பவரின் நாவை உலர்த்துவதும் அதே காற்று.

அவர்களுக்கு ஈயம் பதித்த பெட்டி ஏது? லயத்து அறையின் மூலையில், மணல்மேல் வைத்த மண்பானையே அவர்தம் குளிர்சாதனம். அதன் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கொண்டு போகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுகையில் 80 கலோரி வெப்பத்தையே ஏற்கும்; ஒரு கிராம் நீர் ஆவியாகுகையில் ஏறத்தாழ 580 கலோரியை ஏற்கிறது. காற்று வறள வறளப் பானை மேலும் குளிரும். மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது.

அந்த மகோகனிப் பெட்டிகளை லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். லயத்துப் பானை கீறல் விட்டால் அதில் மண்ணிட்டுக் கறிவேப்பிலைக் கன்று நடுவார்கள். அடுத்த திருவிழாச் சந்தையிற் புதுப்பானை வாங்குவார்கள்.