கிராண்ட் இல்லாத குடிகள்

பினாங்கில் நில உரிமை காடு வெட்டுவதில் தொடங்கியது. 1786இல் தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட், வெட்டித் திருத்துபவருக்கே நிலம் என்று குடியேறிகளை அழைத்தார். அளவையும் பதிவும் ஒழுங்குபடுவதற்குள் பெரும்பரப்பு சில தோட்டக்காரர்கள் கையில் சேர்ந்துவிட்டது. குளுகோரில் அப்படித் தோட்டம் கண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன். அங்கே உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் கம்போங் புவா பாலாவில் மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். கொட்டகைகளைப் பார்த்தவர்கள் ஊருக்கு ‘ஹை சாப்பரல்’ என்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மலேசிய அரசியலமைப்பின் 13ஆவது விதி, போதிய இழப்பீடு தராமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்கிறது. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தை 1991இல் திருத்தியபோது, பொருளாதார வளர்ச்சிக்கு உதவும் என்று மாநில அரசு கருதினாலே தனியார் நிலத்தை எடுக்கலாம் என்றானது. அதை எதிர்த்துக் குரல் எழுந்தது. ஆனால் அந்த வாதமெல்லாம் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, வைத்திருப்பவர்களுக்குத்தான். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, 48ஆவது பிரிவில், அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை பிறக்காது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

புவா பாலா சிக்கிக்கொண்டது இந்த வரியில்தான். தங்கள் முன்னோருக்காகப் பிரவுன் குடும்பம் விட்டுச்சென்ற நிலம் அது, அரசு வெறும் அறங்காவலர் என்றார்கள் மக்கள். அரசோ அதை அரசு நிலமாகவே கருதி, மாநில அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட நுஸ்மெட்ரோ நிறுவனம் வந்தது. உயர் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி மேல்முறையீட்டில் கைநழுவியது. 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் கதவைச் சாத்தியது.

அரசியல் சண்டை வேறு திசையில் போனது. நிலத்தை ஒதுக்கியது கோ சூ கூன் தலைமையிலான தேசிய முன்னணி ஆட்சி. பட்டா கைமாறியதோ 2008 மார்ச் இறுதியில், ஆட்சி மாறி லிம் குவான் எங் முதல்வரான பிறகு. பழி யாருக்கு என்பதிலேயே இரு தரப்பும் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றன. இந்து உரிமைகளுக்கான இயக்கமான இண்ட்ராப் மக்கள் பக்கம் நின்றது. புதிய ஆட்சியில் துணை முதல்வராக இருந்த தமிழரான பி. இராமசாமியின் நிலைதான் மிகச் சங்கடமானது. மாற்றாக இரட்டை மாடி வீடுகள் தர முன்வந்தபோது பெரும்பாலோர் ஏற்றார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

48ஆவது பிரிவைத் திருத்துவதைப் பற்றி இரு தரப்பும் பெரிதாக வாதிடவில்லை.