தண்டவாளம் முடிந்த பிறகு

குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. குத்துக்கல்வலசைக்கும் கிடையாது. இரண்டு ஊருக்கும் தென்காசிதான் ஸ்டேஷன். ரயிலில் வரும் பார்சல் எத்தனை நூறு கிலோமீட்டர் ஓடி வந்தாலும், கடைசிச் சில கிலோமீட்டரைச் சாலையில்தான் கடக்க வேண்டும். ரயில்வே பார்சல் வண்டிகளின் வரலாறு இந்தக் கடைசி தூரத்தின் வரலாறுதான்.

இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகளே வீடு தேடிப் பார்சல் கொடுத்தன. முதலில் குதிரை வண்டிகள். குறுகலான சந்துகளில் சாதாரண லாரி திரும்பாது என்பதால், 1934-இல் ஸ்கேமல் நிறுவனம் 'மெக்கானிக்கல் ஹார்ஸ்' என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. பின்னால் இருக்கும் டிரெய்லரைச் சட்டென்று கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஒரு டிரெய்லரில் சரக்கு ஏறும்போது வண்டி இன்னொன்றை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போய்விடும். 1948-இல் அதன் அடுத்த வடிவமான 'ஸ்காரப்' வந்தது.

இந்தியாவில் கதை வேறு. ரயில் எட்டாத ஊர்களுக்கு 'அவுட் ஏஜென்சி' என்ற பெயரில் ஒப்பந்தக்காரர்கள் சரக்கைக் கொண்டு போனார்கள். மற்றபடி வியாபாரியே ரசீதோடு பார்சல் ஆபீசுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் கிடங்குக் கட்டணம் வேறு. மாட்டு வண்டியும் கைவண்டியும் செய்த இந்த வேலைக்கு, ஜெர்மன் நிறுவனத்தின் கூட்டோடு 1958-இல் தொடங்கிய பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர வண்டிகள் வந்து சேர்ந்தன. கம்பெனிப் பெயரான 'டெம்போ' தமிழில் சின்ன லோடு வண்டிக்கே பெயராகிவிட்டது. 2005-இல் முக்கால் டன் ஏற்றும் டாடா ஏஸ் வந்தது. அதுதான் நம்ம ஊர் 'குட்டி யானை'.

தென்காசியில் இன்னொன்றும் நடந்தது. 1904-இல் கொல்லம் வரை முழுமையடைந்த மலைப்பாதையில், செங்கோட்டை - புனலூர் பகுதி அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு, 2018-இல்தான் முழுதாகத் திறந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் மலையைத் தாண்டிய சரக்கெல்லாம் சாலை வழியேதான் போனது. ரயிலுக்குத் துணையாக வந்த சாலை வண்டி, ரயிலின் இடத்துக்கே வந்துவிட்டது.

2022 மத்திய பட்ஜெட்டில் அஞ்சல் துறையும் ரயில்வேயும் சேர்ந்து பார்சல் சேவை நடத்தும் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டில் வாங்கி வீட்டில் கொடுப்பது அஞ்சல் துறையின் வேலை, நடுவில் சுமப்பது ரயிலின் வேலை. இங்கிலாந்துக் குதிரைகள் அன்றே செய்துகாட்டியதும் இதைத்தான். வாசல் வரை வராத பார்சலுக்கு, ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.