‘அறியப்பட்ட ஒவ்வாமை’: டெக்ஸ்ட்ரோஸ் எச்சரிக்கையில் ஒரு சொல்லும் மருத்துவமனையின் கடமையும்

அமெரிக்க மருத்துவமனைகளில் ஏற்றப்படும் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல்களின் மருந்துக் குறிப்புத்தாளில் மக்காச்சோளம் பற்றிய ஒரு வாக்கியம் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் சற்றே மாறும், சாரம் ஒன்றுதான். மக்காச்சோளத்துக்கோ அதிலிருந்து பெறப்படும் பொருள்களுக்கோ அறியப்பட்ட ஒவ்வாமை உள்ளவர்க்கு இக்கரைசல் கொடுக்கத் தகாததாக இருக்கலாம் என்கிறது அது. இதை வேதியியல் கூற்றாகவே படித்து, வழக்குக்கு அஞ்சிச் சேர்த்த வரி என்று ஒதுக்கிவிடும் போக்கு ஒன்று உண்டு. அப்படிப் படிப்பவர்களின் கண் ‘இருக்கலாம்’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறது. நிற்க வேண்டிய இடம் ‘அறியப்பட்ட’ என்ற சொல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முந்தைய வாசிப்பின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மக்காச்சோள ஸ்டார்ச்சை நொதிகளால் உடைத்து, வடிகட்டி, படிகமாக்கி எடுப்பது டெக்ஸ்ட்ரோஸ். ஐ.ஜி.ஈ. எனும் எதிர்ப்பொருள் வழி ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் புரதம். தூய சர்க்கரையில் அதற்கு இடமில்லை. மக்காச்சோளத்தின் முதன்மை ஒவ்வாமைப் புரதம் கொழுப்பு கடத்தும் புரத வகையைச் சேர்ந்தது என்று 2000இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். ஏறத்தாழ 9 கிலோடால்டன் எடையுள்ள இச்சிறு புரதம் சமையல் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் கொதிபானையில் பிழைப்பது படிகமாக்கலிலும் பிழைக்கும் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் இக்கரைசலைத் தாங்குவர் என்றே நானும் கருதுகிறேன்.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. 1991இல் வெளியான ஒரு நோயாளி அறிக்கை, மக்காச்சோள டெக்ஸ்ட்ரோஸால் நேர்ந்த அனாஃபிலாக்சிஸை (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை விளைவை) தன் தலைப்பிலேயே ‘நிகழ்ந்திருக்கக்கூடிய’ ஒன்று என்று குறித்தது. தயக்கத்தோடு வந்த தனி அறிக்கை ஆதலால் அது எதையும் நிறுவாது என்பது வழக்கமான பதில். பாதி சரி. நோயாளியிடம் மக்காச்சோளம் பற்றிக் கேட்கவே கேட்காத ஓர் அமைப்பில், மயக்க மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் டெக்ஸ்ட்ரோஸும் ஒரே மணி நேரத்தில் உள்ளே சென்ற பிறகு தடிப்பு எழுந்தால், பழி யார்மேல் விழும்? டெக்ஸ்ட்ரோஸ் சந்தேகப் பட்டியலில் ஏறுவதே அரிது. அறிக்கைகள் குறைவாக இருப்பதில் ஒவ்வாமையின் அருமை எவ்வளவு, கேட்காமையின் அளவு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

2008இல் வெளியான இரட்டை மறைப்புச் சோதனையையும் இப்படித்தான் ஒருபக்கமாகப் படிக்கிறார்கள். மக்காச்சோளம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன 27 பேரில் 13 பேருக்கு ஒவ்வாமை உறுதியானது. பாதிப்பேர் தவறாக எண்ணியிருந்தனர் என்று இதைச் சுருக்குவோர், மறுபாதிக்கு உண்மையிலேயே இருந்தது என்பதைக் கடந்துபோகிறார்கள். மருத்துவமனைச் சேர்க்கை மேசையில் நிற்பவர் எந்தப் பாதி என்பதை எழுத்தர் பார்த்த பார்வையில் சொல்ல முடியுமா?

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். அறியப்பட்ட ஒவ்வாமை என்றால் யாரால் அறியப்பட்டது? நோயாளிக்குத் தெரிந்திருப்பது போதாது. கரைசலைத் தொங்கவிடும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு அங்கே சென்று சேர வழி இல்லை. அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு உணவு ஒவ்வாமைச் சட்டம் எட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டது. 2021இல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. மக்காச்சோளம் அதில் இல்லை. அச்சட்டம் மருந்துகளைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. மருத்துவர் எழுதுவது ‘ஹெபாரின்’ அல்லது ‘டோபமின்’. மருந்தகத்திலிருந்து வருவது அம்மருந்தை 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் முன்கலந்து அடைத்த பையாக இருக்கலாம். உத்தரவுச் சீட்டில் இல்லாத டெக்ஸ்ட்ரோஸ் சத்தமின்றி நரம்பில் ஏறுகிறது.

கரைசலோடும் இது முடிவதில்லை. புரதம் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்ற இடங்களில்தான் கூடுதல். 42,000க்கும் மேற்பட்ட வாய்வழி மருந்துகளின் துணைப்பொருள்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் மக்காச்சோள ஸ்டார்ச் இருப்பதைக் காட்டியது. குழாய்வழி உணவிலும், விழுங்கச் சிரமப்படுவோருக்கு நீரைக் கெட்டியாக்கும் பொடியிலும் அதே தானியம். அறுவைக் கையுறைகளில் தூவிய மக்காச்சோளப் பொடியால் அனாஃபிலாக்சிஸ் நேர்ந்ததாக 1990இலேயே பதிவு உண்டு. பொடி தூவிய கையுறைகள் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது 2017இல், வேறு பல காரணங்களும் சேர்ந்த பிறகுதான்.

சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு டெக்ஸ்ட்ரோஸை மறுப்பதா என்ற எதிர்வாதம் நெடுநேரம் நிற்காது. யாரும் மறுக்கச் சொல்லவில்லை. அறிந்து, அருகிலிருந்து கவனித்துக் கொடுப்பது வேறு. அறியாமல் கொடுத்துவிட்டுப் போவது வேறு. அவசரமில்லாத நேரத்தில் உப்புக் கரைசலோ ரிங்கர் லாக்டேட்டோ போதுமா என்று பார்க்கலாம். ஒவ்வாமைப் பட்டியல் வீங்கிவிடும் என்ற கவலை இதைவிடக் கனமானது. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் பெனிசிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறார். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெனிசிலினைத் தாங்குவர். அந்தத் தவறு திருந்தி வருவது கேள்வியைக் கைவிட்டதால் அன்று. நன்றாகக் கேட்டு, சோதித்துப் பார்த்ததால்.

தமிழ் பேசும் நோயாளியிடம் இக்கேள்விக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தமிழகத்தில் ‘சோளம்’ என்பது வெள்ளைச்சோளத்தையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் அதே சொல் மக்காச்சோளம். கடையில் ‘சோள மாவு’ கேட்டால் இரண்டில் எதுவும் கைக்கு வரலாம். ‘சோளம் ஒத்துக்காது’ என்று பதிவேட்டில் ஏறும் வரி எந்தத் தானியத்தைச் சொல்கிறது? அப்படிச் சொன்னவரே, ‘குளுக்கோஸ் ஏத்தணும்’ என்றதும் கையை நீட்டுவார். டெக்ஸ்ட்ரோஸின் மறுபெயரான குளுக்கோஸ் என்ற சொல்லில் தானியத்தின் வாசனையே இல்லை.

எனவே சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்விகள் வேண்டும்: எந்தத் தானியம், எந்த வடிவில், உண்டபின் என்ன நேர்ந்தது? மருந்தகத்தில் மக்காச்சோளத்திலிருந்து வரும் கரைசல்கள், துணைப்பொருள்கள், முன்கலவைப் பைகளின் பட்டியல் ஒன்று வேண்டும். சமையலறைக்கும் அதன் படி ஒன்று போக வேண்டும். குறிப்புத்தாளில் எச்சரிக்கையை அச்சிட்டதோடு உற்பத்தியாளரின் பொறுப்பு முடிகிறது. ‘அறியப்பட்ட’ என்ற சொல்லை உண்மையாக்குவது மருத்துவமனையின் பொறுப்பு.