லாலாங்

லாலாங்: பெயர்ச்சொல். மலாய் மொழியினின்று மலேயாவின் தோட்டப்புறத் தமிழர் பேச்சிற் புகுந்த சொல். ஜாவா முதலிய தீவுகளில் அலாங்-அலாங் என்றும், பிலிப்பைன்ஸில் கோகோன் என்றும் வழங்கும் இப்பல்லாண்டுப் புல்லுக்குத் தாவர சாஸ்திரம் இட்ட நாமம் இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. அதன் முற்பகுதி நேப்பிள்ஸ் நகரத்து மருந்து வணிகரான ஃபெராண்டே இம்பெராட்டோவின் ஞாபகார்த்தமாகவும், பிற்பகுதி வெண்பட்டுப் போன்ற பூங்கதிரின் உருளை வடிவைக் குறித்தும் அமைந்தவை.

பாலித் தீவில் இதன் உலர்ந்த தாளைக் கழிகளில் வரிந்து கூரை வேய்கின்றனர். சீன வைத்தியத்தில் இதன் வேர்த்தண்டு ஔஷதமாகிறது. ஆயினும், காடழிந்த நிலத்தில் விரைந்து குடியேறி, தீயில் மேற்பாகம் கருகினும் மண்ணுள் ஊரும் கூர்முனை வேர்த்தண்டினின்று மீண்டும் தழைத்து, ரப்பர்க் கன்றுக்குரிய நீரையும் சத்தையும் கவர்ந்துகொள்ளும் இயல்பினால், தோட்டத் தொழிலாளரின் ஓயாத பிரயாசைக்கு இது காரணமாயிற்று.

1912-ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாகாணத்துக் கிராண்ட் பே என்னும் ஊருக்கு வந்த ஆரஞ்சுக் கன்றுகளைப் பொதிந்திருந்த இப்புல், அப்பிரதேசமெங்கும் பரவிப் பெருங்கேடு விளைத்தது. வெட்டிய வேர்த்தண்டின் சிறு துண்டும் முளைக்குமாதலின், நிழலைப் பொறாத இதனை அடக்க, அடர்ந்த நிழல் தரும் மரங்களை வளர்ப்பதே நிலைத்த உபாயமாகும்.