மூன்று வாட்டில் ஒரு கச்சேரி

கொங்கு நாட்டு மின்சாரத்தின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பைக்காராவில் தொடங்கிப் பஞ்சாலைக்கும் கிணற்று மோட்டாருக்கும் வந்து முடித்துவிடுவார்கள். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயமுத்தூரின் முகமே மாறியது என்பது உண்மை. ஆனால் அதே கம்பி வழியாக வீட்டுக்குள் வந்த விருந்தாளி இன்னொன்றும் உண்டு. அதுதான் வால்வு வானொலிப் பெட்டி. அதனுள் பாட்டைப் பெருக்கித் தந்த கருவியின் ஆற்றல் மிகச் சிறியது. அது எவ்வாறு போதியதாயிற்று என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1904இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் வெற்றிடக் குழலான வால்வைக் கண்டார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையொன்றைச் சேர்த்தார். நலிந்த மின் அலையைப் பெருக்கும் வழி அதனால் திறந்தது. சென்னையில் 1924ஆம் ஆண்டில் ரேடியோ சங்கம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியபோது அதன் கருவியின் ஆற்றல் 40 வாட்டுதான். பழைய இழை மின்விளக்கு ஒன்றுக்குச் செலவான ஆற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள்! 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி நிலையம் பிறந்தபின், நம் பகுதியில் பெட்டி வைத்திருந்தோருக்குத் தமிழ் நிகழ்ச்சிகள் அருகில் வந்தன.

அக்காலத்தில் பெட்டியின் விலை எளியோர்க்கு எட்டாதது. அதனால்தான், ஐந்து வால்வுப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று நம் ஜி. டி. நாயுடு அவர்கள் 1941இல் அறிவித்தது நினைவில் நிற்கத்தக்க செய்தியாகிறது. அத்தகைய பெட்டியில் ஐந்து வால்வுகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அலையைப் பிடிக்கவும், தெளிவாக்கவும், மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்தவும் நான்கு வால்வுகள் போய்விடும். எஞ்சிய ஒன்றே ஸ்பீக்கரை இயக்குவது. அது தருவதோ மூன்று அல்லது நான்கு வாட்டு. அவ்வளவைக் கொண்டே திண்ணை நிறைய அமர்ந்தவர்கள் கச்சேரி கேட்டார்கள்.

வீட்டுத் திண்ணை இருக்கட்டும். நூற்றுக்கணக்கானோர் கூடும் கொட்டகைக்கு என்ன செய்தார்கள்? சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பியபோது படங்கள் ஊமையாக இருந்தன. 1926இல் அமெரிக்காவில் வெண்ட்டே, தூராஸ் என்னும் இருவர் கொம்புவடிவக் குழாயை இயக்கும் புதிய ஒலிக்கருவி ஒன்றை அமைத்தார்கள். பேசும்படம் உலகெங்கும் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. சாதாரணக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், தான் பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவையே ஓசையாக்கும். நல்ல கொம்போ முப்பது பங்கைக்கூட ஓசையாக்க வல்லது. ஆதலின் பத்து வாட்டுக்கும் குறைந்த பெருக்கிகள் சிறு கொட்டகைகளை நிரப்பின.

இங்கேதான் பொருத்தம் என்னும் சொல்லின் பொருள் விளங்குகிறது. நம் பெரியவர்கள் கவலை இறைத்ததை எண்ணிப் பாருங்கள். கிணற்றின் ஆழம், சாலின் கொள்ளளவு, வடத்தின் நீளம், மாடுகள் இறங்கும் சரிவு இவை நான்கும் ஒன்றுக்கொன்று இயைந்தால்தான் நீர் மேலே வரும். இயையாவிட்டால் இன்னொரு சோடி மாட்டைப் பூட்டியும் பயனில்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலும் அத்தகைய உறவே உண்டு. வால்வு 5000 ஓம் தடையை எதிர்நோக்கும். ஸ்பீக்கரின் சுருளோ 8 ஓம். இடையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் சுற்றுகள் 25க்கு 1 என்னும் விகிதத்தில் அமைந்தால், 25இன் வர்க்கமாகிய 625ஐ எட்டால் பெருக்க, 5000 கிடைக்கிறது. இரண்டும் இசைந்துவிடும்.

1947இல் டிரான்சிஸ்டர் தோன்றியது; காலப்போக்கில் வாட்டு மலிந்தது. அதன்பின் ஸ்பீக்கர் மந்தமாயிருந்தால் பெருக்கியைப் பெரிதாக்குவதே வழக்கமாயிற்று. ஆற்றலைப் பத்து மடங்காக்கினால்தான் செவிக்கு ஓசை ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும் என்பதைப் பலர் மறந்தனர். திருவிழாப் பந்தல்களில் இப்போது நிகழும் வாட்டுப் போட்டியைக் காணும்போது, பாட்டு எங்கே என்று நான் தேடுவதுண்டு.

காந்திபுரத்தில் என் வீட்டு மேசைமேல், ஈ.எல். 84 என்னும் வால்வை ஒற்றையாகக் கொண்டு நானே அமைத்த பெருக்கி ஒன்று இருக்கிறது. அதன் ஆற்றல் சுமார் மூன்று வாட்டு. அதற்கு இணையாக, ஒரு வாட்டிலேயே உரக்கப் பேசும் அகன்ற காகித ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்தேன். பெருக்கியை அமைத்ததைவிட அந்தத் தேடலுக்கே நாள் மிகுதியாயிற்று. வயலின் வில் தந்தியைத் தொடும் கணமும், பாடகர் மூச்சை வாங்கும் ஓசையும் அதில் தனித்தனியே கேட்கின்றன. செய்ய விழையும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இக்கருவிகளுள் 250 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும், இணைப்பை அகற்றியபின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அறிந்தவர் துணையின்றிக் கை வைத்தல் தகாது.

பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் நம் நாட்டிலேயே வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்று பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. வால்வைத் தேடினால் எங்கேனும் கிடைத்துவிடும். ஆனால் டிரான்ஸ்பார்மரை அளவறிந்து கையால் சுற்றும் அறிவு, அதை உடையவர்களோடு போய்விடக் கூடியது. மோட்டார்ச் சுருள் சுற்றுவதில் பேர்பெற்ற ஊர் நம்முடையது. அந்தக் கைத்திறனில் ஒரு சிறு பகுதியை இதற்கும் ஒதுக்கினால், நம் பிள்ளைகள் வாட்டைக் கேட்பதை விட்டுப் பாட்டைக் கேட்பார்கள்.