ஜான்சி ராணிப் படையின் சிங்கப்பூர் முகாம்

இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் படைக்காக 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் தொடங்கிய பயிற்சி முகாம். தலைமை ஏற்றவர் அந்நகரில் மருத்துவம் பார்த்துவந்த சென்னைப் பெண் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். காக்கி உடையில் அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், கூடவே இந்துஸ்தானியும் கற்றார்கள். பர்மா வரை போயும் போர்முனையில் பெரிதாக வேலை வரவில்லை. 1945இல் படை கலைந்தது. முகாமின் பலன் பிறகுதான் தெரிந்தது. பதின்வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் மலாயாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுச் சங்கம் கட்டிப் போராடினார். அதே படையில் இருந்த ஜானகி தேவர் மலேசிய மேலவை உறுப்பினரானார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.