எஞ்சிய இடம் எவ்வளவு?
கோப்பு முறைமைக் கணக்கின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

களஞ்சியம் வைத்திருப்போர் இரு வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். உள்ளே இருப்பது எவ்வளவு என்பது ஒன்று. இன்னும் எவ்வளவு கொள்ளும் என்பது மற்றொன்று. கணனியின் சேமிப்புத் தட்டுக்கும் இவ்விரு வினாக்களும் பொருந்தும். ஒரு நிரல் தன் பெறுபேறுகளை எழுதிக்கொண்டிருக்கையில் தட்டு நிரம்பிவிடுமாயின், பணி இடைநடுவே நின்றுவிடும். எழுதப்பட்டது குறையாகவும், எழுதவேண்டியது இழப்பாகவும் முடியும். ஆகவே எழுதுமுன் கேட்டறிதல் விவேகமாகும். எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடையிறுக்கக் கணனி உலகம் கற்றுக்கொண்ட வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேல் நீள்வது. எஞ்சிய இடம் என்பது கோல்கொண்டு அளந்து கூறும் அளவன்று. கேட்பவர் யார், கணக்கு வைப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்து அமையும் ஒரு கூற்று என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், ஜெனரல் இலெக்ரிக் நிறுவனம் ஆகியவற்றோடு இணைந்து பெல் ஆய்வுகூடம் மேற்கொண்ட மல்ட்டிக்ஸ் என்னும் பெருமுயற்சியிலிருந்து அவ்வாய்வுகூடம் 1969ஆம் ஆண்டில் விலகியது. அதன்பின் அங்கு பணியாற்றிய கென் தொம்சன், டெனிஸ் றிட்சி முதலியோர் சிறியதொரு பீ.டி.பீ.-7 கணனியில் உருவாக்கிய பணிசெயல் முறைமையே யுனிக்ஸ் எனப் பெயர்பெற்றது. கோப்பின் பெயரையும் கோப்பைப் பற்றிய விபரத்தையும் வெவ்வேறிடத்தில் வைத்தமை அம்முறைமையின் சிறப்பியல்புகளுள் ஒன்று. பெயர் கோப்பகத்திலே இருக்கும். பருமன், உரிமையாளர், அனுமதிகள், மாற்றப்பட்ட நேரம், தட்டில் அமைந்த இடம் ஆகியன ஐநோட் எனப்படும் தனிப்பதிவில் இருக்கும்.

இப்பதிவை நிரலுக்குப் பெற்றுத்தரும் வாயிலாக 'ஸ்டாட்' என்னும் முறைமை அழைப்பு அமைந்தது. 1971 நவம்பரில் வெளியான யுனிக்ஸ் முதற்பதிப்புக் கைந்நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. நிரல் கோப்பின் பெயரைக் கொடுக்கும். முறைமையின் கரு பதிவைத் திருப்பித் தரும். அக்காலக் கணக்கின் சிறுமை வியப்புக்குரியது. கோப்பின் பருமனைக் குறிக்க 16 பிற்றுகளே ஒதுக்கப்பட்டமையால் 64 கிலோபைற்று எல்லையைக் கோப்பொன்று தாண்ட இயலவில்லை. நேரமோ செக்கனின் அறுபதிலொரு கூறாக 32 பிற்றுகளில் எண்ணப்பட்டது. ஏறத்தாழ 828 நாட்களில் அவ்வெண் நிரம்பிவிடும். கணக்கேட்டின் கட்டம் எத்துணை அகலமோ அத்துணையே உலகமும் என்பதற்கு இது முதற்சான்று.

ஆயின், ஸ்டாட் கூறுவது தனிக்கோப்பின் செய்தியையே. தட்டு முழுவதிலும் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை அறிய 'டி.எவ்' என்னும் கட்டளை இருந்தது. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் அது இயங்கிய விதம் குறிப்பிடத்தக்கது. கருவிடம் தொகையைக் கேளாது, தட்டினைத் தானே நேரடியாகத் திறந்து, தலைப்பகுதியிலுள்ள மீத்தொகுதியைப் படித்து, வெற்றுத் தொகுதிகளின் சங்கிலியை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எண்ணியது. கணக்கப்பிள்ளையைக் கேளாமல் களஞ்சியத்துட் புகுந்து மூடைகளை எண்ணுவதற்கு இது ஒப்பாகும். இம்முறையிற் குறைகள் இரண்டு. தட்டின் உள்ளமைப்பை நிரல் அறிந்திருத்தல் வேண்டும். அமைப்பு மாறினால் நிரலும் மாறவேண்டும். தட்டினை நேரே படிக்கும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமை பெற்றவன் பிறர் கோப்புகளையும் படிக்கவல்லவன்.

உள்ளமைப்பு விரைவிலேயே மாறியது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மக்கூசிக், ஜோய், லெவ்லர், பேப்ரி ஆகியோர் உருவாக்கி, 1984இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட விரைவுக் கோப்பு முறைமை, ஒரு கோப்பின் தொகுதிகளை அருகருகே வைக்க முனைந்தது. அவ்வாறு வைப்பதற்குத் தட்டில் எப்பொழுதும் ஓரளவு வெற்றிடம் வேண்டும். வெற்றிடம் அறவே அற்றுப்போகுமிடத்து வேகம் பாதியளவாகக் குறையும் என அவர்கள் கண்டனர். எனவே பத்து வீதம் ஒதுக்கிவைக்கப்பட்டது. எத்துணை பசி வந்தபோதும் உழவன் விதைநெல்லைத் தொடான். அதுபோல அவ்வொதுக்கீட்டைச் சாதாரணப் பயனர் தொடவியலாது. முறைமை நிர்வாகி மட்டுமே பயன்படுத்தலாம்.

இங்குதான் ஒரு வினாவுக்கு இரு விடைகள் தோன்றின. வெறுமையாக உள்ள தொகுதிகள் எத்தனை என்பது ஒன்று. பயனருக்குக் கிடைக்கக்கூடியவை எத்தனை என்பது மற்றொன்று. பயனருக்குரிய பங்கையே முழுமையெனக் கொண்டு டி.எவ் வீதத்தைக் கணித்தமையால், நிர்வாகி ஒதுக்கீட்டையும் நிரப்பிவிட்ட தட்டு 111 வீதம் நிறைந்ததாகக் காட்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட அவ்வெண் பிழையன்று. யாருடைய பங்கு கணக்கிடப்படுகின்றது என்பதை வெளிப்படுத்தும் எண்ணாகும்.

தட்டினைத் தானே திறந்து எண்ணும் பழைய வழக்கத்தை முற்றாகக் கைவிடச்செய்தது வலையமைப்பின் வருகையாகும். சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் வெளியிட்ட வலையமைப்புக் கோப்பு முறைமையில், கோப்புகள் வேறொரு கணனியின் தட்டில் இருந்தன. அயல் இயந்திரத்தின் தட்டினை டி.எவ் எவ்வாறு திறக்கும்? கேட்டறிவதையன்றி வேறு வழியில்லை. ஆகவே 'ஸ்டாட்எவ்எஸ்' என்னும் வினா அந்நெறிமுறையிலேயே சேர்க்கப்பட்டது. மொத்தத் தொகுதிகள், வெற்றுத் தொகுதிகள், கிடைக்கக்கூடியவை என மூன்றும் அதன் விடையில் தனித்தனியே அமைந்தன. பேர்க்லியில் தோன்றிய வேறுபாடு இவ்வாறு பொதுவழக்காயிற்று. 1980களின் முடிவில் யுனிக்ஸ் சிஸ்ரம் ஐந்தின் நான்காம் வெளியீட்டில் வந்த 'ஸ்டாட்விஎவ்எஸ்' பின்னர் பொசிக்ஸ் தரநிர்ணயத்திலும் இடம்பெற்றது.

நிரலாக்க மொழிகள் இவ்விடைகளைத் தத்தம் இயல்புக்கேற்பப் பெற்றுக்கொண்டன. சி மொழியில் அவை ஒரு கட்டமைப்பின் உறுப்புகளாக வந்தன. லறி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழியில், ஸ்டாட் பதின்மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலைத் தந்தது. 2006இல் வந்த ஜாவா ஆறாம் பதிப்பு, வெற்றிடத்துக்கும் பயன்படத்தக்க இடத்துக்கும் தனித்தனி வினாக்களை வைத்தது. 2012இல் பைதன் 3.3 பதிப்பு மொத்தம், பயன்பட்டது, எஞ்சியது என்னும் மூன்றையும் ஒரே அழைப்பில் தந்தது. 100 அலகு கொண்ட தட்டில் 5 ஒதுக்கப்பட்டு 60 நிரம்பியிருப்பின், பைதன் கூறும் எச்சம் 35 ஆகும். 60உம் 35உம் சேர்ந்து 95 ஆதல் கண்டு மயங்கும் மாணவன், பேர்க்லியின் விதைநெல்லையே அங்குக் காண்கின்றான்.

எண்ணைப் பெற்றபின்னும் பிழைக்கு இடமுண்டு. ஸ்டாட்விஎவ்எஸ் இருவேறு தொகுதிப் பருமன்களைத் தருகின்றது. ஒன்று வாசிப்பதற்கு உகந்த அளவு. மற்றையது எண்ணிக்கைக்குரிய அலகு. முன்னதாற் பெருக்கினால் விடை பன்மடங்கு தவறக்கூடும். பெருக்கத்தை 32 பிற்றுகளில் அடக்க முயன்றால் 4,294,967,296 பைற்றுகளை எட்டும்போது எண் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பெருந்தட்டு வெறுந்தட்டாகத் தோன்றும். இன்னுமொன்று: கோப்பின் பெயர் நீக்கப்பட்டபின்பும் ஒரு நிரல் அதனைத் திறந்துவைத்திருப்பின் அதன் இடம் விடுபடாது. பெயர்வழியே கோப்புகளைத் தேடிக் கூட்டும் 'டி.யூ' கட்டளை அதனைக் காணாது, டி.எவ் காணும். இரு கணக்குகளும் முரண்படினும் இரண்டும் மெய்யே.

2005இல் வெளிவந்த செட்.எவ்.எஸ், 2009இல் லினக்ஸ் கருவிற் சேர்ந்த பி.ரி.ஆர்.எவ்.எஸ் ஆகிய புதிய முறைமைகளில், ஒரே தொகுதியைப் பல படிகள் பகிர்ந்துகொள்கின்றன. தரவு சுருக்கியும் வைக்கப்படுகின்றது. அங்கு எஞ்சிய இடம் என்பது மதிப்பீடாகவே அமையும். ஐநோட்டுகளை முன்கூட்டி ஒதுக்காத பி.ரி.ஆர்.எவ்.எஸ், அவற்றின் மொத்தம் யாது என வினவினாற் பூச்சியம் என விடையிறுக்கின்றது. மேலும், விடை கைக்கு வந்த கணத்திலேயே வேறொரு நிரல் அவ்விடத்தை நிரப்பிவிடலாம்.

ஆதலின் இவ்வரலாறு நிரலாக்குநர்க்கு உணர்த்துவது இரண்டாகும். கணக்கைக் கேட்பவர் அஃது எவர் பொருட்டு வைக்கப்பட்ட கணக்கு என்பதையும் கேட்டல் வேண்டும். கேட்டறிந்த எண்ணை வாக்குறுதியாகக் கொள்ளாது, எழுதும்போது தட்டு நிரம்பிவிட்டதெனக் கரு கூறும் இறுதி விடைக்கும் செவிசாய்த்தல் வேண்டும். களஞ்சியத்தின் கணக்கு எத்துணை செம்மையாயினும், மூடை உள்ளே வைக்கப்பட்ட பின்னரே இடம் இருந்தது என்பது உறுதியாகும்.